ஜெர்மானியர்களின் ஆங்கிலம்: எல்லாரும் படிக்கிறார்கள், எங்கே பேசுகிறார்கள்?

2023 அக்டோபரில் ஜெர்மனியில் ஒரு கல்வி அறிக்கை வெளியானது. 16 மாநிலங்களிலும் 9ஆம் வகுப்பு மாணவர்களை 2022இல் சோதித்துப் பார்த்து, அந்த முடிவுகளை 2015இன் முடிவுகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். ஜெர்மன் மொழியில் வாசிப்பு, கேட்டுப் புரிந்துகொள்ளல், பிழையில்லாமல் எழுதுதல் எல்லாவற்றிலும் சரிவு. கொரோனா ஊரடங்கு, வகுப்பறையில் பெருகிய புதுக் குடியேறிகளின் பிள்ளைகள் என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் முன்னேறியிருந்தார்கள். அதே பள்ளி, அதே ஊரடங்கு, அதே வகுப்பறை. சொந்த நாட்டு மொழியில் தேய்ந்து அயல்மொழியில் வளர்ந்தது எப்படி? யூடியூபும் கணினி விளையாட்டும் தொடர்களும்தான் என்று ஆய்வாளர்கள் கைகாட்டினார்கள். ஊரடங்கில் பள்ளிக் கதவுதான் மூடியிருந்தது, செல்பேசி திறந்தே இருந்தது.

இந்தச் செய்தியை இங்கே முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஜெர்மனிக்குக் கிளம்பும் நம் ஆட்களிடம் இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேர்கின்றன. 'அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், கவலையே படாதே' என்பது ஒன்று. 'இங்கிலீஷில் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள்' என்பது மற்றொன்று. இரண்டுமே நிஜம்தான். எந்த ஊர், எந்த வயது, எந்த மேசைக்கு எதிரே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும்.

ஜெர்மானியப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு பாடம். கணக்கு மாதிரி, வரலாறு மாதிரி. மற்ற பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. இயற்பியலும் வேதியியலும் ஜெர்மனில்தான். சில பள்ளிகளில் புவியியலையோ வரலாற்றையோ ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழி வகுப்பு உண்டு, பெருநகரங்களில் சர்வதேசப் பள்ளிகளும் உண்டு. ஆனால் பெரும்பான்மை அதுவல்ல. மருத்துவரும் வழக்குரைஞரும் கார் வடிவமைக்கும் பொறியாளரும் தங்கள் தொழிலை ஜெர்மனில் படித்து வந்தவர்கள். அதனால் ஆங்கிலம் தெரியாதது அங்கே ஒருவரின் கல்வியைக் குறைத்துக் காட்டாது. ஹெல்முட் கோல் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர், 16 ஆண்டுகள் சான்சலராக இருந்தவர். அவருடைய ஆங்கிலம் உலகத் தலைவர்களோடு பேசும் அளவுக்கு வரவில்லை, மொழிபெயர்ப்பாளர்களை வைத்தே காலம் தள்ளினார். அதற்காக யாரும் அவரைப் படிக்காதவர் என்று சொல்லவில்லை. ஆங்கிலவழிப் பள்ளிக் கட்டணத்தில் குடும்ப மானத்தை அளக்கும் ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நாளாகும்.

இந்தப் பாடம் எப்போது வந்தது? போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மேல்நிலைப் பள்ளிகளில் பிரெஞ்சைப் பின்னுக்குத் தள்ளி ஆங்கிலத்தை முதல் அயல்மொழியாக்கியது 1937-38இல் நாஜி அரசு செய்த பள்ளிச் சீர்திருத்தம். போர் முடிந்ததும் நாடு நான்காகப் பிரிந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் பகுதிகளில் ஆங்கிலம் நிலைத்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிரெஞ்சுக்குச் செல்வாக்கு. சோவியத் பகுதியில் ரஷ்யன். மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கான ஏ.எஃப்.என். வானொலியை உள்ளூர் இளைஞர்கள் ராக் அண்ட் ரோலுக்காகக் காது கொடுத்துக் கேட்டார்கள். எல்விஸ் பிரெஸ்லி 1958 முதல் 1960 வரை ஃப்ரீட்பெர்க் முகாமில் சிப்பாயாக இருந்தார். பாட்டு வழியாக வந்தது வேறு, பள்ளி வழியாக வந்தது வேறு. 1964இல் மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஹாம்பர்க் ஒப்பந்தம்தான் எல்லா வகைப் பள்ளிகளிலும் 5ஆம் வகுப்பிலிருந்து ஓர் அயல்மொழி, பெரும்பாலும் ஆங்கிலம், என்பதைப் பொது விதியாக்கியது. அதுவரை கைத்தொழிலுக்குப் போகும் பிள்ளைகளின் பள்ளியில் ஆங்கிலம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

சோவியத் பகுதியாக இருந்த கிழக்கு ஜெர்மனியில் கதை வேறு. அங்கே 5ஆம் வகுப்பிலிருந்து ரஷ்யன் கட்டாயம். ஆங்கிலம் 7ஆம் வகுப்பில், விருப்பப்பட்டால். ஆங்கிலம் படித்தாலும் அதைப் பேச லண்டனுக்கா போக முடியும்? கிழக்கில் வளர்ந்து பின்னாளில் சான்சலரான ஆங்கேலா மெர்க்கெல் பள்ளியில் ரஷ்யன் மொழி ஒலிம்பியாடில் பரிசு வாங்கியவர். இன்றைக்கும் லைப்ஸிக், டிரெஸ்டன் பக்கம் அறுபது வயதைத் தாண்டியவரிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டால் அவர் கையை விரிப்பதற்கு முரட்டுத்தனம் காரணமில்லை. அவர் படித்த பள்ளியில் அது விருப்பப் பாடம்தான். அவருடைய பேத்தியிடம் கேளுங்கள், சரளமாகச் சொல்வாள்.

இன்றைய பள்ளிக்கு வருவோம். கல்வி அங்கே மாநிலங்களின் கையில் இருப்பதால் 'ஜெர்மனியில் ஆங்கிலம் எந்த வகுப்பில் தொடங்குகிறது' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பொதுவாக 3ஆம் வகுப்பு. 2000களில் 'சீக்கிரம் தொடங்கினால் நல்லது' என்ற காய்ச்சல் பரவியது. நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலம் 1ஆம் வகுப்பின் இரண்டாம் பாதியிலேயே தொடங்கியது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் 1ஆம் வகுப்பிலேயே தொடங்கியது. பிரான்ஸ் எல்லையோரமான ரைன் கரைப் பள்ளிகளில் மட்டும் ஆங்கிலத்துக்குப் பதில் பிரெஞ்சு.

பிறகு 2017இல் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 1ஆம் வகுப்பில் தொடங்கிய பிள்ளைகளையும் 3ஆம் வகுப்பில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 5ஆம் வகுப்பில் முன்னவர்கள் முந்தி நின்றார்கள். 7ஆம் வகுப்பில் தாமதமாகத் தொடங்கியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். சிறு வயதில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பாட்டும் விளையாட்டுமாகத் தொட்டுவிட்டுப் போவதில் பெரிதாக ஒன்றும் தங்குவதில்லை. மூழ்கும் அளவுக்கு இருந்தால்தான் இளவயது என்பது ஆதாயம். பாடன்-வூர்ட்டெம்பெர்க் 2018இலும் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் 2021இலும் ஆங்கிலத்தை 3ஆம் வகுப்புக்கே தள்ளிவைத்தன. அந்த நேரத்தை ஜெர்மனுக்கும் கணக்குக்கும் கொடுக்கலாம் என்பதும் ஒரு காரணம். எல்.கே.ஜி.யில் ஏ, பி, சி, டி சொல்ல வைத்துப் பெருமைப்படும் பெற்றோர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். படிக்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

உண்மையான உழைப்பு 5ஆம் வகுப்பில் தொடங்குகிறது. அதன் சின்னம் ஒரு சின்ன நோட்டு. ஃபொகாபெல்ஹெஃப்ட் என்பார்கள், சொல் நோட்டு. பக்கத்தில் நேர்க்கோடு போட்டு நெடுக்குவாக்கில் பிரித்திருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஜெர்மன் சொல், இடமிருந்தால் மூன்றாவது பத்தியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். மாலையில் சமையலறை மேசையில் அம்மாவோ அப்பாவோ ஒரு பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பார்கள். தப்பினால் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த சொற்களை மறுநாள் திரும்பக் கேட்பார்கள். பள்ளியில் முன்னறிவிப்பில்லாமல் சொல் தேர்வு வரும். இப்போது இதற்குச் செயலிகள் வந்துவிட்டன, ஆனாலும் நோட்டு சாகவில்லை.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 தான் சிறந்தது. இதில் கவனிக்க வேண்டியது வாய்மொழி மதிப்பெண். எழுத்துத் தேர்வு ஒரு பங்கு என்றால், வகுப்பில் கையைத் தூக்கிப் பேசுவதற்கு இன்னொரு பங்கு. பல இடங்களில் அது கிட்டத்தட்ட பாதி. எழுத்தில் கெட்டிக்காரியாக இருந்தும் வாய் திறக்காத பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காது. வளர்ந்த ஜெர்மானியர் 'என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காது' என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் பத்து நிமிடம் தடையில்லாமல் பேசுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேசப் பழக்கிய பள்ளிதான் தப்பையும் எண்ணிக்கொண்டே இருந்தது.

இதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 4ஆம் வகுப்பு முடிந்ததும், பெர்லின், பிராண்டன்பர்க்கில் 6ஆம் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளைப் பள்ளிவகைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் 'ஜிம்னாசியம்' வகைப் பள்ளி மாணவருக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ லத்தீனோ கூடச் சேரும். 10ஆம் வகுப்பு வாக்கில் சிலர் ஒரு வருடம் அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துவிட்டு வருவார்கள். ஜெர்மன் நாடாளுமன்றமும் அமெரிக்க காங்கிரஸும் சேர்ந்து அமெரிக்கா போகிறவர்களுக்கென 1983இல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தையே தொடங்கின. தனியார் ஏற்பாட்டில் போனால் செலவு கொஞ்சநஞ்சமில்லை, அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம். மறுபக்கம், 16 வயதில் தச்சு வேலைக்கோ வெல்டிங்குக்கோ தொழிற்பயிற்சியில் சேரும் பையனுக்கு ஆங்கிலம் அத்தோடு ஒதுங்கிவிடும். அவன் மேலாளரும் வாடிக்கையாளரும் ஜெர்மன் பேசுகிறவர்கள், உபகரணப் பெட்டியின் விளக்கத்தாளும் ஜெர்மனில் வரும். தேவையில்லாத மொழி நாக்கில் தங்காது.

2012இல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த யூரோபாரோமீட்டர் கணக்கெடுப்பில், ஆங்கிலத்தில் உரையாட முடியும் என்று சொன்ன ஜெர்மானியர்கள் 56 சதவீதம். நெதர்லாந்தில் 90, சுவீடனில் 86. பிரான்ஸில் 39, இத்தாலியில் 34. அதாவது ஜெர்மனி நடுவில் நிற்கிறது. டச்சும் சுவீடிஷும் ஜெர்மன் மொழிக்குச் சொந்தக்கார மொழிகள்தான், ஆங்கிலமும் அதே குடும்பம். பிறகு ஏன் இந்த இடைவெளி?

ஒரு பெரிய காரணம் டப்பிங். நெதர்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஹாலிவுட் படம் ஆங்கிலத்தில் ஓடும், கீழே எழுத்து வரும். ஜெர்மனியில் திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் குரல். ஆஸ்திரியாவையும் சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியையும் சேர்த்தால் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட பார்வையாளர்கள், அதனால் டப்பிங் செலவு கட்டுப்படியாகிறது. பெர்லினிலும் முனிக்கிலும் இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நிரந்தரக் குரல் இருக்கும். ராபர்ட் டி நீரோவுக்குப் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுத்த கிறிஸ்டியன் புரூக்னர் அங்கே தன் குரலுக்காகவே பேர் பெற்றவர். டி நீரோவின் சொந்தக் குரலை முதல்முறை கேட்கும் ஜெர்மானியருக்கு அது ஏதோ போலிக் குரல் மாதிரி இருக்கும்.

ஒரு தலைமுறையே தன் பிள்ளைப் பருவம் முழுக்க அமெரிக்கத் தொடர்களைப் பார்த்தும் அமெரிக்க ஆங்கிலத்தைக் கேட்காமல் வளர்ந்தது இப்படித்தான். 2014 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஜெர்மனிக்குள் வந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் மூலக்குரல். முதலில் சொன்ன 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது தொடக்கப்பள்ளி வாசலை மிதித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு சரியாக வருகிறதா? திரையரங்குகளில் இன்னமும் டப்பிங்தான் பிரதானம். மூலமொழியில் பார்க்க ஆசைப்பட்டால் அட்டவணையில் ஓ.வி. (மூலமொழி) என்றோ ஓ.எம்.யு. (மூலமொழியோடு கீழே எழுத்து) என்றோ போட்டிருக்கும் காட்சியைத் தேட வேண்டும். பெர்லினில் தேடாமலே கிடைக்கும். சின்ன ஊரில் வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆங்கிலம் பேசுவது ஒருபக்கம், ஜெர்மனுக்குள் ஆங்கிலச் சொற்களைப் போட்டுக்கொள்வது இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலுவலகத்தில் மீட்டிங், டெட்லைன், ஃபீட்பேக் எல்லாம் சகஜம். கேன்சல், டவுன்லோடு போன்றவற்றுக்கு ஜெர்மன் வினை விகுதிகளை மாட்டி, இறந்தகாலத்துக்கு முன்னால் 'கெ' சேர்த்து, அச்சு அசல் ஜெர்மன் வினைச்சொல்லாக ஆக்கிவிடுவார்கள். நாம் 'கேன்சல் பண்ணிட்டேன்' என்பது போலத்தான். பெயர்ச்சொல் வந்தால் அதற்கு ஆண்பால், பெண்பால், அஃறிணை என்று ஏதாவது ஒரு பாலைக் கொடுத்தாக வேண்டும். இ-மெயில் ஜெர்மனியில் பெண்பால், ஆஸ்திரியாவில் அஃறிணையாகவும் வழங்குகிறது.

இது பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். 1997இல் டோர்ட்முண்டில் தொடங்கிய ஜெர்மன் மொழிச் சங்கம், மொழியைக் கலப்படம் செய்தவர் என்று ஆண்டுதோறும் யாருக்காவது ஒரு பட்டம் கொடுத்து வம்புக்கு இழுத்துவந்தது. ரயில் நிலையங்களில் ஆங்கிலப் பலகைகள் பெருகியபோது பயணிகள் எரிச்சலடைந்தார்கள். 2010 வாக்கில் போக்குவரத்து அமைச்சராக இருந்த பீட்டர் ராம்சவர் தன் அமைச்சகத்தில் ஆங்கிலச் சொற்களை விரட்டினார், ரயில்வேயும் பின்வாங்கிச் சிலவற்றை ஜெர்மனுக்கு மாற்றியது. விளம்பர உலகத்துக்கும் ஒரு குட்டு விழுந்தது. டக்ளஸ் என்ற வாசனைத் திரவியக் கடைச் சங்கிலி, 'உள்ளே வாருங்கள், கண்டறியுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகத்தை வைத்திருந்தது. 2003இல் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் அதற்குப் பொருள் கேட்டபோது பலர் சொன்னது: 'உள்ளே வாருங்கள், வெளியே போகும் வழியைக் கண்டுபிடியுங்கள்.' அடுத்த ஆண்டே வாசகம் ஜெர்மனுக்கு மாறியது. விளம்பரக்காரர்களுக்கு ஆங்கிலம் மினுமினுப்பு, வாங்க வருகிறவருக்கு அது அரைகுறை. இந்த இடைவெளியை அளந்து காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அரசியல்வாதிகளும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில அரசு 'எங்களால் எல்லாம் முடியும், செந்தர ஜெர்மன் (வட்டார வாடையில்லாத பொது ஜெர்மன்) பேசுவது தவிர' என்று தன்னைத் தானே கிண்டல் செய்து விளம்பரம் செய்தது பிரபலம். அதன் முதல்வராக இருந்த கூந்தர் ஓட்டிங்கர், வேலைமொழியாக ஆங்கிலம் வரும், ஜெர்மன் குடும்பத்துக்கும் ஓய்வு நேரத்துக்குமான மொழியாக இருக்கும் என்று முன்பு பேசியவர். அவரே ஐரோப்பிய ஆணையராகப் போகும் தறுவாயில் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படித்த உரை 2010 தொடக்கத்தில் இணையத்தில் பரவி, நாடே சிரித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 தேர்தல் முடிந்த மறுநாள், வெளியுறவு அமைச்சராகப் போகிறவர் என்று பேசப்பட்ட கீடோ வெஸ்டர்வெல்லேயிடம் பி.பி.சி. செய்தியாளர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க அனுமதி கேட்டார். பிரிட்டனில் ஆங்கிலம் பேசுவது எப்படி வழக்கமோ அப்படி ஜெர்மனியில் ஜெர்மன் பேசுவதுதான் வழக்கம் என்று வெஸ்டர்வெல்லே மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஊடகங்கள் அவரது ஆங்கிலத்தையே சந்தேகித்தன. 2017இல் யென்ஸ் ஷ்பான், பெர்லினின் சில உணவகங்களில் பரிமாறுகிறவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள் என்று வெளிப்படையாகப் பொருமினார். ஒருபக்கம் ஆங்கிலம் தெரியாதவருக்குக் கேலி, மறுபக்கம் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்மீது எரிச்சல்.

ஆங்கிலம் முழுவதுமாகக் குடியேறிய இடம் அறிவியல்தான். முதல் உலகப் போருக்கு முன்பு வேதியியல் படிக்க ஜெர்மன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மொழியில் வந்த புகழ்பெற்ற வேதியியல் இதழ் 1962லேயே ஆங்கிலப் பதிப்பையும் தொடங்கிவிட்டது. இன்று இயற்கை அறிவியலில் ஜெர்மனில் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர் அரிது. பல்கலைக்கழகங்களிலும் முதுநிலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் பெருகிவிட்டன, இளநிலை இன்னமும் பெரும்பாலும் ஜெர்மனில். நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகப் போவது இந்த முதுநிலைக் கதவு வழியாகத்தான். 2022-23இல் இந்திய மாணவர்கள் 40,000ஐத் தாண்டி, சீனர்களை முந்தி, ஜெர்மனியின் மிகப்பெரிய வெளிநாட்டு மாணவர் கூட்டமானார்கள்.

பெருநிறுவனங்களும் இந்தப் பக்கம் சாய்ந்தன. 2016 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் தன் நிர்வாகமொழியாக ஆங்கிலத்தை அறிவித்தபோது, ஒரு ஜெர்மன் மொழி அறக்கட்டளை தன்னிடமிருந்த அந்த நிறுவனப் பங்குகளை விற்றுக் கோபத்தைக் காட்டியது. அலுவலகக் கூட்டத்தில் எட்டு ஜெர்மானியரும் ஒரு இந்தியரும் இருந்தால் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறும். அப்போது ஒருவரையொருவர் முதல் பெயர் சொல்லி அழைப்பார்கள். காபி இயந்திரத்தருகே வந்ததும் ஜெர்மன் திரும்பும், கூடவே சில இடங்களில் குடும்பப் பெயரும் 'நீங்கள்' மரியாதையும் திரும்பும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசம் இல்லாதது அவர்களுக்கும் ஒரு சௌகரியம். அந்த இந்தியருக்கு ஒரு சிக்கல் இங்கே உண்டு. அவர் ஜெர்மன் பழக ஆசைப்பட்டு ஒரு வாக்கியம் தொடங்கினால், எதிரே இருப்பவர் உதவுவதாக எண்ணி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ஐந்து வருடம் பெர்லினில் இருந்தும் ஜெர்மன் வராதவர்களின் முறையீடு பெரும்பாலும் இதுதான். அதில் சோம்பலுக்கும் பங்கு உண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1980களில் அகதிகளாகப் போன ஈழத்தமிழர்களுக்கு அந்தச் சொகுசு வாய்க்கவில்லை. உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் ஜெர்மன் கற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஜெர்மன், மூன்றாவதாக ஆங்கிலம். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் மச்சான், மச்சாள்மாரோடு பேசும்போது தமிழ் போதாமல் போனால் அந்தப் பள்ளி ஆங்கிலம்தான் கைகொடுக்கிறது.

அரசு அலுவலகத்தில் எதுவும் மாறவில்லை. 'ஆட்சிமொழி ஜெர்மன்' என்று நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது. விசா நீட்டிப்பு, வரி, குழந்தைகள் உதவித்தொகை எதற்கானாலும் கடிதம் ஜெர்மனில் வரும், பதிலும் ஜெர்மனில் போக வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம், சிலர் மனமிரங்கிப் பேசவும் செய்வார்கள். ஆனால் தப்பாகச் சொல்லி அது சட்டச் சிக்கலாகிவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு உண்டு. நீதிமன்றமொழியும் ஜெர்மன்தான். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு சின்ன விலக்கு: பெரிய தொகை சம்பந்தப்பட்ட வணிக வழக்குகளை, இரு தரப்பும் சம்மதித்தால், மாநிலங்கள் ஏற்படுத்தும் வணிக நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் நடத்தலாம். வாடகைத் தகராறுக்கு அந்தச் சலுகை இல்லை.

மருத்துவமனையிலும் அப்படித்தான். செவிலியர் பற்றாக்குறையால் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது பொதுவாக பி2 நிலை ஜெர்மன், அதாவது தடையில்லாமல் உரையாடும் அளவு, மருத்துவர்களிடம் அதற்கும் மேலே தனியாக மருத்துவ மொழித் தேர்வு. ஆங்கிலத்தில் எவ்வளவு புலமை இருந்தாலும் அந்தத் தேர்விலிருந்து விலக்கு இல்லை. கட்டிலில் படுத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்பதை அவள் ஜெர்மனில்தான் சொல்வாள், அதுவும் பெரும்பாலும் வட்டார ஜெர்மனில். பவேரியாவிலோ சாக்ஸனியிலோ வேலை கிடைத்தவர்கள் பி2 சான்றிதழோடு போய் முதல் வாரம் எதுவும் புரியாமல் விழிப்பதற்கும் இதுதான் காரணம். அந்த வட்டார ஜெர்மனுக்கு வகுப்பு கிடையாது, இரவுப் பணியில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.